கடல் தந்த பாட்டும் கரிசல் காத்த ஏடும்

மழையை எதிர்பார்த்தே வாழும் பூமி எங்களுடையது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருமருங்கிலும் கருவேலங்காடுகளும், ஆண்டில் பாதி நாட்கள் வறண்டு கிடக்கும் கண்மாய்களுமே கண்ணில் படும். குண்டாற்றில் நீரைக் காண்பதைவிட மணலைக் காண்பதே வழக்கம். இம்மண்ணில் பிறந்தோருக்குக் கடல் என்பது காதால் அறியப்பட்ட ஒன்று. திருமணப் பந்தல்களில் ஒலித்த 'இசைமுரசு' நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் வெண்கலக் குரலும், நோன்புக் காலத்தில் சஹர் வேளையில் தாயிரா தட்டிப் பாடி எழுப்பிய பக்கீர்களின் ஓசையும்தாம் நாகூரை எங்களுக்கு அறிமுகம் செய்து வைத்தன.

சென்ற ஆண்டு மதரஸா விடுமுறையில் நாகப்பட்டினத்தையும் நாகூரையும் நேரில் காணும் வாய்ப்பை வல்ல அல்லாஹ் எனக்கு நல்கினான். எர்ணாகுளத்திலிருந்து வேளாங்கண்ணி செல்லும் ரயில் எங்களூர் வழியாகவே செல்கிறது. இரவில் ஏறியவன் விடியற்காலையில் நாகப்பட்டினத்தில் இறங்கினேன். உப்புக் காற்று முகத்தில் மோதியது. நீரின் அருமை அறிந்த எனக்கு, எல்லையின்றிப் பரந்து கிடந்த நீர்ப்பரப்பும், அதில் ஒரு குவளைகூடப் பருக இயலாது என்ற எண்ணமும் ஒருசேர வியப்பளித்தன.

நாகை மிகப் பழைமையான துறைமுகம். முதலாம் இராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜயத்து மன்னன் இங்கே பௌத்தர்களுக்காகச் சூடாமணி விகாரையை எழுப்பினான். அதற்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக வழங்கினான். பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1781இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 'ராஜுலா' கப்பல் இத்துறையில் மக்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்தது. பிழைப்புத் தேடி அதில் ஏறியவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகத்திலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டு சென்றதும் இக்கரையோரத்தில்தான்.

விகாரையின் செங்கற் கட்டடம் இன்று இல்லை. எஞ்சியிருந்த கோபுரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதே நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர் இவ்வூர் நீலாயதாட்சியைக் குறித்து நீலாம்பரி இராகத்தில் இயற்றிய கீர்த்தனம் இன்றும் பாடப்பெறுகிறது. கல்லும் சுண்ணாம்பும் காக்க இயலாததை மனிதக் குரல் காத்திருக்கிறது என்று எண்ணியவாறே நாகூருக்குப் பேருந்து ஏறினேன்.

அரை மணி நேரத்திற்குள் நாகூரின் மனோராக்கள் தென்பட்டன. ஐந்து மனோராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி. அதனைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஷாஹுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்களின் பெயரைக் கடலோடிகள் தாம் சென்ற கரைகளுக்கெல்லாம் கொண்டு சென்றனர். சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரை கட்டப்பெற்ற நாகூர் தர்கா நினைவிடம் அதற்குச் சான்று. பினாங்கிலும் அவ்வாறே ஒன்று உண்டு.

நாகூர் ஒரு புலவர் நகரம், இசை நகரமும்கூட. மகாவித்வான் குலாம் காதிறு நாவலர் இவ்வூரினர். தர்கா வித்வானாக விளங்கிய எஸ்.எம்.ஏ. காதிர் அவர்கள் கர்நாடக இசையில் தேர்ந்தவர். 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்த ஹனீபா அவர்கள் பிறந்தது எங்கள் இராமநாதபுரச் சீமையில். பேரும் புகழும் பெற்றது நாகூரின் பெயரால். அவர் பாடிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலை இயற்றியவர் ஆர். அப்துல் சலாம் என்பதை, அப்பாடலை அறிந்தவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

அஸர் தொழுகைக்குப் பின் தர்காவின் முற்றத்தில் முதியவர் ஒருவர் தாயிராவை மடியில் வைத்து மெல்லிய குரலில் முனாஜாத்துப் பாடிக்கொண்டிருந்தார். பாடி முடிக்கும் வரை காத்திருந்து, ஸலாம் உரைத்து, "இப்பாடல்கள் புத்தகமாக உள்ளனவா?" என்று வினவினேன். அவர் சிரித்தவாறு, "ஹஜ்ரத், எங்க அத்தா பாடக் கேட்டுப் பாடுறேன். எல்லாம் இந்த நெஞ்சுல இருக்கு. எம் மகனுங்க வெளிநாட்டுல இருக்காங்க. நான் மவுத்தானா இதுவும் எங்கூடவே மண்ணுக்குப் போயிரும்" என்றார். அதைச் சொன்ன குரலில் வருத்தம் இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது.

இசைக்கருவிகள் குறித்து உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நான் கவலைப்படுவது சொல்லைப் பற்றி. நம் இல்லங்களில் பெண்கள் தொட்டிலாட்டியும் தறிக்கு நூல் சுற்றியும் பாடிய தாலாட்டுகளும், 'நூறு மசலா', 'பெண்புத்தி மாலை' போன்ற நூல்களை இராகமிட்டு ஓதிய முறையும், கருவி ஏதுமின்றி வாய்மொழியாகவே வாழ்ந்தவை. அச்சேறியவற்றில் சொல் எஞ்சும். அவற்றை ஓதிய இராகம் எஞ்சாது. அச்சேறாதவற்றில் இரண்டுமே எஞ்சா.

இதற்குத் தீர்வு எங்கே என்று திரும்பும் வழியெல்லாம் சிந்தித்தேன். விடை எங்கள் கரிசல் காட்டிலேயே இருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டயபுரம். நாகையைப் பாடிய தீட்சிதர் 1835இல் மறைந்தது அங்கேதான். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் அங்கேதான். தீட்சிதரின் கீர்த்தனங்களை அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் சுரக்குறிப்புகளுடன் எழுதி, 1904இல் எட்டயபுரத்திலேயே நூலாக அச்சிடச் செய்தார். அவரை அவ்வாறு எழுதுமாறு தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவ அன்பர். பொருளுதவி செய்தது எட்டயபுரம் ஜமீன். பதினேழாம் நூற்றாண்டுச் சீறாவும் நெடுங்காலம் ஓலையில் இருந்து, 1842இல் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் உழைப்பால் அச்சு வடிவம் பெற்றது. குரல் காத்ததாக நாகையில் நான் எண்ணினேன். குரலுக்குத் துணையாக எழுத்தும் நின்றது என்பதே முழு உண்மை. நீர்வளம் மிக்க கரையில் பிறந்த பாட்டை நீரற்ற கரிசல் மண் எழுதி வைத்துக் காத்தது!

இப்போது எங்கள் மதரஸாவில் வியாழன் மாலைப் பாடம் முடிந்ததும் மூத்த மாணவர்கள் ஆளுக்கொரு நோட்டுடன் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் சென்று அமர்கின்றனர். சொல்லை எழுதிக்கொள்கின்றனர், இராகத்தைக் கைப்பேசியில் பதிவு செய்கின்றனர். திருச்சுழிப் பக்கத்து மூதாட்டி ஒருவருக்குப் பதினோரு பாடல்களின் முதலடிகள் நினைவில் இருந்தன. முழுமையாகச் சொல்ல முடிந்தவை மூன்றே. இரண்டாண்டுகளுக்கு முன் சென்றிருந்தால் பதினொன்றும் கிடைத்திருக்கும் என்றார் அவருடைய மகள்.

வாசக அன்பர்களே! உங்கள் இல்லத்திலும் அத்தகைய முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். இன்றிரவு உணவுக்குப் பின் அவரருகில் அமர்ந்து, "அம்மா, சின்ன வயதில் என்ன பாடினீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் கையில் எழுதுகோல் இருக்கட்டும்.