பெற்ற அணியும் விட்ட அணியும்

வென்றவனைப் போற்றுதலும் தோற்றவனைத் தூற்றுதலும் உலக இயல்பு. உதைபந்தாட்டக் களத்திலே இவ்வியல்பு மிக வெளிப்படையாய்த் தோன்றும். கேடயம் வந்த ஆண்டிலே பயிற்றுநர் தோளில் ஏற்றப்படுவார். வராத ஆண்டிலே அவர் பெயரைச் சொல்வாரும் இலர். பயிற்றுநர் ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடுமுன், ஒவ்வொருவரும் பொறுப்பேற்ற நாளில் அவர் கையில் எத்தகைய அணி இருந்தது என்று வினவுதல் வேண்டும் என்பதே எமது துணிபு. சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்!

அண்டை நாடாகிய இந்தியாவை முதலில் நோக்குவோம். ஐதராபாத்திலே பள்ளி ஆசிரியராயிருந்த சையத் அப்துல் ரஹீம் அந்நாட்டு அணியின் பயிற்றுநராய்ப் பெரும் புகழ் எய்தியவர். 1951 இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. வீரர் பலர் வெறுங்காலோடு ஆடியவர். ரஹீம் அத்தோல்வியினின்றும் பாடங் கற்றார். பாதணி அணிந்து விரைந்தாடும் இளைஞரைத் தேடித் திரட்டினார். 1956 இல் மெல்பேர்ண் நகரிலே அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடம் பெற்றது அவ்வணி. ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்னும் பெருமையும் அதனாலேயே கிட்டியது. 1962 இல் யகார்த்தாவிலே, முதலாட்டத்தில் தம்மை வீழ்த்திய தென்கொரியாவையே இறுதியாட்டத்தில் 2-1 என வென்று மீண்டும் தங்கம் கொணர்ந்தனர். தலையிற் காயமுற்ற ஜர்னைல் சிங் தமக்குரிய தற்காப்பிடத்தை விட்டு முன்வரிசையில் ஆடிக் கோல் போட்டமையை இன்றும் வியந்து பேசுவர்.

1963 இல் ரஹீம் மறைந்தார். அடுத்த ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டிக்கு ஆங்கிலேயராகிய ஹரி றைற் அணியை நடத்திச் சென்று இரண்டாம் இடம் பெற்றார். அவர் திறமையைக் குறை கூறோம். ஆயினும் சுனி கோஸ்வாமியும் ஜர்னைல் சிங்கும் அவர் வளர்த்த பிள்ளைகள் அல்லர். வளர்ந்த பிள்ளைகளாகவே அவர் கைக்கு வந்தவர். அத்தலைமுறை ஓய்வுறத் தொடங்கியதும் 1966 இல் முதற் சுற்றோடே திரும்ப நேர்ந்தது. 1970 இல் கிட்டிய வெண்கலத்தின் பின், 2023 வரை நடந்த ஆசியப் போட்டிகள் எவற்றிலும் இந்தியா இவ்வாட்டத்தில் பதக்கம் பெற்றதில்லை. வறண்ட கிணற்றைப் பெற்றவரையும் நிறைந்த கிணற்றைப் பெற்றவரையும் ஒரே அளவுகோலால் அளத்தல் நீதியாகுமா?

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். யாம் மாணவராயிருந்த காலத்தில் மூன்று ஆசிரியர்கள் அடுத்தடுத்து உதைபந்தாட்டப் பொறுப்பேற்றனர். முதலாமவர் காலத்திலே பிரட்டுக்களத்தில் ஆடிப் பழகிய தோட்டத்துப் பிள்ளைகள் பதினொருவரும் ஆண்டுக்கணக்கிற் பிரியாது ஆடினர். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த சிறு மைதானத்திலே, பனிமூட்டத்தினூடே, பந்து தேயிலைக்குள் ஓடுமுன் காலால் நிறுத்தும் வித்தை அவர்க்குக் கைவந்திருந்தது. வெற்றிகள் குவிந்தன.

இரண்டாமவர் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தார். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அந்தப் பங்கீடு நம் அணிக்குள்ளும் புகுந்தது. தந்தைக்குக் கடவுச்சீட்டு வந்தால் மகனும் தலைமன்னார்ப் புகைவண்டி ஏற வேண்டியவனே. ஒரு தவணையில் கோல்காப்பாளன் சென்றான். மறு தவணையில் வலப்புற முன்னணி வீரன் சென்றான். எஞ்சியோரும் 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே அரைவயிற்றோடு மைதானம் வந்தனர். ஆசிரியரோ ஆட்டங்களை இழந்துகொண்டே, மாலைதோறும் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரைக் கூட்டிப் பயிற்றினார். எல்லைக்கோட்டருகே நின்ற பெரியோர் "முன்னவர் போல் வருமா?" என்று அவர் காது கேட்கவே உரைத்தனர். அவர் மறுமொழி கூறியதை யாம் கேட்டதில்லை.

மூன்றாமவர் வந்ததும் கேடயமும் வந்தது. அதனை ஏந்திய சிறுவருள் பெரும்பாலோர் இரண்டாமவரின் மாலைப் பயிற்சியில் உருவானவர். மாலை மட்டும் மூன்றாமவர் கழுத்தில் விழுந்தது.

இக்கதையை இன்று எழுதுதற்குக் காரணம் உண்டு. இப்பொழுதும் க.பொ.த. சாதாரண தரம் முடிந்ததும் நல்ல ஆட்டக்காரர் சிலர் கொழும்புக் கடைகளுக்குச் சென்றுவிடுகின்றனர். எஞ்சியோரைக் கொண்டு ஆடும் ஆசிரியரை நோக்கி அதே பழைய வினா எழுகின்றது. பழைய மாணவராகிய நாம் வினாவை மாற்றுவோமாக. "என்ன வென்றார்?" என்பதோடு "எதனைப் பெற்றார், எதனை விட்டுச் சென்றார்?" என்றும் கேட்போம். சங்கம் தன் நிதியில் ஒரு பகுதியைச் சிறுவர் அணியின் பாதணிக்கும் மாலைச் சிற்றுண்டிக்கும் ஒதுக்குமாயின், அடுத்து வரும் ஆசிரியர் எவராயினும் வெறுங்கையோடு தொடங்கார்.

வெற்றி பெற்ற அணிகளின் படங்கள் இத்தகைய விழா மலர்களை அலங்கரித்தல் வழக்கம். அவற்றின் நடுவே, ஒன்றும் வெல்லாத அந்த எழுபதுகளின் அணியின் படமும், அதன் ஓரத்தில் நிற்கும் அவ்வாசிரியரின் உருவமும் இடம்பெறுதல் வேண்டுமென மலர்க்குழுவினரை வேண்டுகின்றோம். கல்லூரி அன்னை நீடு வாழ்க!