குளத்துக் காற்றும் வள்ளத்தின் தலையும்

மாத்தளை மாவட்டத்தின் வஹகோட்டை என்றதும் பலருக்கும் புனித அந்தோனியார் திருத்தலமே நினைவுக்கு வரும். போர்த்துக்கேய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் கண்டி மன்னர் காலத்தில் குடியமர்ந்த ஊர் இது என்பர். மீன்களுக்கும் பிரசங்கம் செய்தவர் என்று மரபுக்கதை போற்றும் அந்தோனியாரின் திருநாள் ஜூன் 13. தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைகளிலேயே இறக்கிவிட்டு, குளங்களின் மேல் வறண்டு வீசும் பருவமும் அதுவே. அந்தக் காற்றைப் பற்றியதே இக்குறிப்பு.

கலேவெலைக்கு அப்பால் தேவகுவ, தம்புள்ளைப் பக்கம் கண்டலம, இன்னும் வடக்கே தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவ என்று இப்பகுதியெங்கும் பெருங்குளங்கள் உள்ளன. 1952இல் திலாப்பியா மீன் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரே குளத்து மீன்பிடி ஒரு தொழிலாக வளர்ந்தது. 1990இல் அரசு அதற்கான ஆதரவை நிறுத்தியது. 1994இல் மீண்டும் அளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் மீனவர் குளத்தை விட்டு நீங்கவில்லை. பெரும்பாலும் ஒரு வள்ளத்துக்கு இருவர், இயந்திரம் இல்லை, துடுப்பும் தோள்வலியுமே துணை.

பத்திரிகைப் பணியின் நிமித்தம் அப்பக்கம் சென்றிருந்தபோது, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் காற்றை எப்படிச் சமாளிப்பீர்கள் எனக் கேட்டேன். "மாத்தயா, காத்தோட சண்டை பிடிக்க ஏலாது. வள்ளத்தின்ட தலையை மட்டும் அதுக்குக் குடுக்கோணும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழு நுட்பமும் அடங்கிவிடுகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் வள்ளத்தின் மீதான அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. விலாப்புறத்தைக் காட்டி நிற்கும் வள்ளம் அதை முழுமையாக வாங்கிக்கொள்ளும். முன்பக்கத்தைக் காட்டி நிற்பது சிறு பகுதியையே வாங்கும். ஆகவே நங்கூரக் கல்லை எப்போதும் தலைப்பக்கமே கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் தாழ்ந்த விளிம்பின் மேலாக அலை ஏறி வள்ளத்தை நிரப்பிவிடும். கயிறும் நீரின் ஆழத்தைப் போலப் பல மடங்கு நீளமாக இருத்தல் அவசியம். குறுகிய கயிறு கல்லைத் தூக்கிவிடும், நீண்ட கயிறே அதைக் கிடையாக இழுத்து அடியில் பதிய வைக்கும்.

தூண்டில்காரருக்கு ஓரிடத்தில் நிற்பது மட்டும் போதாது. மெல்ல நகரவும் வேண்டும். மேலை நாடுகளில் பாஸ் மீன் பிடிப்போர் இதற்கெனக் கூம்பு வடிவத் துணிப்பை ஒன்றை நீரில் இழுபட விடுவர். அகன்ற வாயால் நீரை வாங்கி, ஒடுங்கிய நுனியிலுள்ள சிறு துளையால் வெளிவிடும் அப்பை, வள்ளத்தின் ஓட்டத்தைத் தடுத்து நிதானப்படுத்துகிறது. கயிற்றில் கட்டிய ஒரு வாளிகூட ஓரளவு இதே வேலையைச் செய்யும்.

ஆயினும் கருவிகளைவிட முக்கியமானது புறப்படும் ஒழுங்கு. பொழுது ஏற ஏறக் காற்று வலுக்கும். திறந்த நீர்ப்பரப்பு நீள நீள அலையும் உயரும். கைகளில் பலமுள்ள காலை வேளையில் காற்றுக்கு எதிராகத் துடுப்பிட்டுச் சென்றால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று கரை சேர்க்கும். காற்றின் போக்கிலேயே சென்றவரோ, நிறைந்த வலையும் ஓய்ந்த தோளுமாக அதை எதிர்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

'பலத்த காற்றினால் வள்ளம் கவிழ்ந்தது' என்று செய்தித்தாளில் ஒற்றை வரி வருவதுண்டு. காற்று எத்திசையில் வீசியது, கயிறு எத்தனை முழம், அந்த இருவரிடமும் மிதவை அங்கி இருந்ததா என்பவை அந்த வரியில் இரா. அடுத்த வள்ளத்தைக் காக்கக்கூடியவை அவைதாம்.