காதில் கேட்கும் இரைச்சலும் கடையில் விற்கும் குளிகையும்

அறுபது வயதைக் கடந்தோர் பலருக்கு அழையாத துணையாக ஓர் ஓசை வந்து சேர்கிறது. அருகில் இருப்பவருக்கு அது கேட்பதில்லை. சிலருக்கு அது சில்வண்டின் ரீங்காரம். சிலருக்குக் குக்கரிலிருந்து ஆவி சீறும் இரைச்சல். பகற்பொழுதின் சந்தடியில் மறைந்திருந்து, இரவு விளக்கணைந்ததும் தலைதூக்கும். ஜபத்துக்கு அமர்ந்தால் மந்திரத்தை முந்திக்கொண்டு அதுவே ஒலிக்கும். மருத்துவர்கள் இதை டின்னிடஸ் என்பர். காது இரைச்சல் என்பது நம் வழக்கு.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்ணிய மயிர்ச் செல்களே ஒலியை நரம்புக்கு உணர்த்துகின்றன. முதுமையாலும் பேரோசையாலும் அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. குறைந்த ஒலியை ஈடுகட்ட மூளை தன் கவனத்தைக் கூட்டிக்கொள்ள, அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். இசைமேதை பீத்தோவன் முப்பது வயதிலேயே இதனால் வருந்தி, 1801இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

இதற்கு மருந்தென்று உலகெங்கும் விற்கப்படுவது ஜிங்கோ பைலோபா. சீனத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் உறுதிக்குப் பேர்பெற்றது. ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பின்னும் துளிர்த்த மரங்களுள் இதுவும் ஒன்று. அதன் இலைச்சாறு செவியையும் காக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் எண்ணம் வேறு, சோதனை வேறு. 2001இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பன்னிரண்டு வாரம் ஜிங்கோ மாத்திரையோ அதைப் போன்ற வெறும் மாத்திரையோ தரப்பட்டது. தொல்லை குறைந்தது என்றவர்கள், ஜிங்கோ உண்ட 360 பேரில் 34 பேர்; வெறும் மாத்திரை உண்ட 360 பேரில் 35 பேர். அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் சங்கமும் 2014இல், நீடித்த இரைச்சலுக்கு ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின் முதலியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அறிவித்தது.

பயனில்லாவிடினும் கெடுதல் இல்லையே என்பார் உண்டு. மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவரும் அவ்வாறே எண்ணினார். இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் அவர். வெளிநாட்டிலுள்ள மகன் அன்போடு அனுப்பிய ஜிங்கோவை, இலைதானே என்று மருத்துவரிடம் சொல்லாமலே உண்டு வந்தார். சில வாரங்களில் பல் துலக்கும்போதெல்லாம் ஈறுகளில் குருதி கசிந்தது. ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவற்றோடு ஜிங்கோ சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடலாம் என்று மருத்துவர் விளக்கியபின் அதை நிறுத்தினார். செவித்திறனைச் சோதித்துக் காதுக்கருவி அணிந்தார். இரைச்சல் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் சந்நிதியில் நாதஸ்வரம் முன்னே வந்தது. இரைச்சல் பின்னே நின்றது.

உணவைப் பற்றியும் அச்சங்கள் பல. காபியை விட்டால் இரைச்சல் தீரும் என்பர். அமெரிக்காவில் 65,000 பெண்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்விலோ, காபி போன்றவற்றால் காஃபீன் மிகுதியாகக் கொண்டோரிடம் இரைச்சல் சற்றுக் குறைவாகவே தோன்றியது. காபியே காத்தது என்று இதனால் முடிவுகட்ட இயலாது; காலைக் காபியை அஞ்சித் துறக்கவும் வேண்டியதில்லை. தலைச்சுற்றலோடு கூடிய மெனியர் நோய்க்கு மட்டும் உப்பைக் குறைக்குமாறு மருத்துவர்கள் கூறுவதுண்டு. சைவ உணவினரிடம் பி12 குறைபாடு காணப்படலாம். சோதித்து, குறைந்திருந்தால் ஈடுசெய்வது உடலுக்கு நல்லது. இரைச்சலும் அதனால் தீரும் என்று மட்டும் எதிர்பார்க்கலாகாது. பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவதைத் தவிர்க்க வேண்டும். செவிப்பறையில் துளை இருப்பின் அது தீங்கு செய்யும்.

முதலில் செய்யத்தக்கது மருத்துவரிடம் காதைக் காட்டுவதே. சிலருக்கு அடைத்த குறும்பியை அகற்றினாலே இரைச்சல் அடங்கும். ஒரு காதில் மட்டும் கேட்டாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலும் காலம் தாழ்த்தலாகாது. திடீரெனச் செவி மந்தமானால் அன்றே செல்ல வேண்டும். உறக்கமும் மன அமைதியும் குலைந்தோருக்கு மனநலப் பயிற்சி ஓசையைப் போக்காவிடினும் அதன் துன்பத்தைக் குறைக்கிறது. முழு நிசப்தத்தைத் தவிர்த்து, மெல்லிய பஜனையையோ மின்விசிறியின் ஒலியையோ படுக்கையருகே வைத்துக்கொள்வதும் உதவும். ஓய்வூதியத்தில் குளிகைக்கென்று மாதந்தோறும் எடுத்துவைக்கும் தொகையை, செவிச் சோதனைக்கு ஒருமுறை செலவிடுவதே நல்ல கணக்கு.