கான்கர்ட்: விற்காத புத்தகம் வீடு திரும்பிய ஊர்

பாஸ்டன் நகரத்து நார்த் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் ரயிலைப் பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் கான்கர்ட் வந்துவிடும். ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் மரங்களுக்கு நடுவே ஒரு குளம் பளிச்சென்று தெரிந்து மறைகிறது. செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். அதுதான் வால்டன் குளம்.

இந்த ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் குளத்துக்காகத்தான் வருகிறார்கள். 1845 ஜூலை 4ஆம் தேதி ஹென்றி டேவிட் தோரோ என்ற 27 வயது இளைஞர் இதன் கரையில் தானே கட்டிய ஒரு குடிசையில் குடியேறினார். இரண்டு வருடம், இரண்டு மாதம் இருந்தார். அந்த வாழ்க்கையைச் சொல்லும் ‘வால்டன்’ இன்று உலகமெங்கும் படிக்கப்படுகிறது. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் அந்தக் குடிசையைப் போலவே ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். 10 அடிக்கு 15 அடி. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு அடுப்பு. நம் ஊர்ப் பக்கத்துப் பம்ப் செட் அறை இதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கட்டி முடிக்க ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

நிஜக் குடிசை இருந்த இடம் சாலையைத் தாண்டி, குளக்கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் வரும். 1945இல் அடுப்பின் அஸ்திவாரக் கற்களைத் தோண்டி எடுத்த பிறகுதான் சரியான இடம் தெரிந்தது. இப்போது சுற்றிலும் கல்தூண் நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் வருகிறவர்கள் போட்டுப்போட்டுச் சேர்ந்த கற்குவியல்.

இங்கே நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் பலர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அவர் எதற்காகக் காட்டுக்குள் வந்தார்? தனிமைக்காக, எளிமைக்காக என்றெல்லாம் பதில் உண்டு. அவற்றோடு ஒரு சாதாரணக் காரணமும் இருந்தது. ஒரு புத்தகம் எழுத வேண்டியிருந்தது. அதற்கு அமைதியான இடம் வேண்டியிருந்தது. அந்தப் புத்தகம் ‘வால்டன்’ அல்ல. அதற்கு முந்தையது, அவருடைய முதல் புத்தகம். அதன் கதை இந்த ஊரின் ஆற்றிலும், மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு வீட்டு மச்சிலும், ஊர்க்கோடியில் ஒரு கல்லறையிலுமாகச் சிதறிக் கிடக்கிறது.

ஆற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். குளத்திலிருந்து ஊரைக் கடந்து அந்தப் பக்கம் போனால் நார்த் பிரிட்ஜ் என்ற மரப்பாலம். 1775 ஏப்ரல் 19 அன்று ஆங்கிலேயப் படையை ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு எதிர்த்து நின்ற இடம். அமெரிக்க சுதந்திரப் போர் தொடங்கிய நாள் அது. பாலத்துக்குக் கீழே கான்கர்ட் ஆறு. ஓடுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. நிற்கிறது போலத்தான் இருக்கும். பாலத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்ன், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கத் தனக்கு மூன்று வாரம் ஆனதாக எழுதினார்.

இந்த ஆற்றில்தான் 1839 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை, தோரோவும் அவருடைய அண்ணன் ஜானும் தாங்களே செய்த படகில் கிளம்பினார்கள். பச்சையும் நீலமும் பூசிய படகு. கான்கர்ட் ஆறு போய்ச் சேரும் மெரிமாக் ஆற்றில் ஏறி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குள் போய், பிறகு படகை விட்டுவிட்டு மலைப்பக்கம் நடந்து, இரண்டு வாரத்தில் திரும்பினார்கள். இருவரும் சேர்ந்து ஊரில் ஒரு பள்ளிக்கூடம் நடத்திய காலம் அது. இருவரும் ஒரே பெண்ணை விரும்பினார்கள் என்பதும், அடுத்த வருடம் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டு, இருவருமே மறுக்கப்பட்டார்கள் என்பதும் ஊரறிந்த கதை. ஆனாலும் அண்ணன் தம்பி உறவில் விரிசல் விழவில்லை.

1842 ஜனவரியில் ஜான் சவரக் கத்தியைத் தீட்டும்போது விரலில் சின்னக் காயம் பட்டது. பொருட்படுத்தவில்லை. அது டெட்டனஸாக மாறி, தாடை இறுகி, சில நாட்களில் தம்பியின் கைகளிலேயே உயிர் போனது. அடுத்த சில நாட்களில் தோரோவுக்கும் அதே அறிகுறிகள் வந்தன. ஆனால் அவர் உடம்பில் காயமே இல்லை. துக்கம் மட்டும்தான். குடும்பம் அவரையும் இழந்துவிட்டோம் என்றே பயந்தது. அவர் மெல்லத் தேறினார். அந்த வருடமே அண்ணனோடு போன படகை ஹாதார்னுக்கு 7 டாலருக்கு விற்றுவிட்டார்.

அந்தப் படகுப் பயணத்தைத்தான் அவர் குளக்கரையில் உட்கார்ந்து எழுதினார். ‘கான்கர்ட், மெரிமாக் ஆறுகளில் ஒரு வாரம்’ என்பது பெயர். இரண்டு வாரத்தை ஒரு வாரமாகச் சுருக்கி, நாளுக்கு ஓர் அத்தியாயம்.

குளத்தில் இருந்தபோது நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு சங்கதியும் நடந்தது. 1847 குளிர்காலத்தில் ஃபிரடெரிக் டியூடர் என்ற ஐஸ் வியாபாரியின் ஆட்கள் வால்டன் குளத்தில் உறைந்த பனியைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்தார்கள். மாசச்சூசெட்ஸ் குளத்து ஐஸ் மரத்தூளில் பொதியப்பட்டுக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த காலம். சென்னை மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அந்த ஐஸைச் சேர்த்து வைக்கத்தான் 1842இல் கட்டப்பட்டது. மதராஸ்வாசிகள் தன் குளத்துத் தண்ணீரைக் குடிப்பதாகத் தோரோ பின்னால் ‘வால்டனி’ல் எழுதினார், அவர் அப்போது காலையில் படித்துக்கொண்டிருந்தது பகவத் கீதை. குளத்துத் தண்ணீர் அங்கே போனது. கீதை இங்கே வந்தது. இந்தக் கீதை பிறகு அவர் புத்தகத்துக்கு வம்பாக முடிந்தது என்பது தனிக் கதை. அதற்கு வருவோம்.

கான்கர்ட் அப்போது சின்ன ஊர். ஆனால் 1829 முதலே லைசியம் என்ற சபை இருந்தது. நம் ஊர் இலக்கிய மன்றம் மாதிரி. குளிர்கால மாலைகளில் ஊர்க்காரர்கள் கூடுவார்கள், யாராவது பேசுவார்கள். தோரோ அதற்குச் செயலாளராகவும் இருந்தார். பேச்சாளர்களைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வரும் வேலை. தன் புத்தகத்துச் சரக்கை முதலில் இந்தச் சபையில்தான் வைத்தார். 1845 மார்ச்சில், குடிசைக்குப் போவதற்கு முன்பே, கான்கர்ட் ஆற்றைப் பற்றி ஒரு சொற்பொழிவு.

ஊர்க்காரர்களுக்கோ வேறு ஆர்வம். ஹார்வர்டில் படித்த பையன் வேலைக்குப் போகாமல் காட்டில் போய் உட்கார்ந்திருக்கிறானே, என்ன சாப்பிடுகிறான், தனியாக இருக்கப் பயமில்லையா என்று அதையேதான் கேட்டார்கள். 1847 பிப்ரவரியில் அவர் அதே சபையில் எழுந்து அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். நல்ல வரவேற்பு. ‘வால்டன்’ முளைத்தது அந்தப் பேச்சில்தான். அவர் மனதில் இருந்தது ஆறும் அண்ணனும். ஊர் கேட்டது குடிசை.

ஆற்றுப் புத்தகத்துக்குப் பதிப்பாளர் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. குளக்கரை நிலத்தின் சொந்தக்காரரும் வழிகாட்டியுமான எமர்சன், சொந்தப் பொறுப்பிலாவது போட்டுவிடு என்று தூண்டினார். கடைசியில் பாஸ்டனில் ஜேம்ஸ் மன்ரோ கம்பெனி அச்சிட்டது. நஷ்டம் வந்தால் ஆசிரியர் தலையில் என்பது ஒப்பந்தம். 1000 பிரதிகள். 1849 மே 30 அன்று வெளிவந்தது. கடைசிப் பக்கத்தில் ‘வால்டன் விரைவில் வரும்’ என்று விளம்பரம் வேறு.

இரண்டு வாரம் கழித்து, ஜூன் 14 அன்று, அக்கா ஹெலன் காசநோயில் இறந்தார். ஏறத்தாழ அதே நேரத்தில் ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ பத்திரிகையில் மதிப்புரை வந்தது. இயற்கையைப் பற்றி எழுதியதைப் பாராட்டிவிட்டு, கீதை முதலான இந்து நூல்களை பைபிளுக்குச் சமமாக வைத்ததற்காகக் கண்டித்திருந்தார்கள். வீட்டிலேயே ஓர் அத்தை, சில பக்கங்கள் தெய்வ நிந்தனை மாதிரி இருக்கிறதே என்றார். கவிஞர் ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவலின் மதிப்புரை, படகுப் பயணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பிரசங்கம் செய்கிறாரே என்று நொந்துகொண்டது. போடச் சொல்லித் தூண்டிய எமர்சன் மதிப்புரையே எழுதவில்லை. அந்த நட்பு அதன் பிறகு பழையபடி இல்லை.

நியாயமாகச் சொன்னால் வாசகர்கள் மேலும் முழுக் குற்றம் இல்லை. படகு பத்து அடி போனால் புத்தகம் கரையேறிவிடும். மீன்களைப் பற்றி, நட்பைப் பற்றி, கீதையைப் பற்றி, நடுநடுவே சொந்தக் கவிதைகள். பொறுமையாகப் படிக்கிறவருக்குத்தான் அடியில் ஓடும் துக்கம் தெரியும். கூடவே துடுப்புப் போடும் அண்ணனுக்குப் புத்தகத்தில் பெயரே கிடையாது. அவர் இறந்துபோனதும் சொல்லப்படுவதில்லை.

தொழில்முறையில் தோரோ குடும்பம் பென்சில் செய்கிற குடும்பம். கிராஃபைட்டோடு களிமண் கலந்து அமெரிக்காவின் நல்ல பென்சில்களில் ஒன்றைத் தயாரித்தவர் ஹென்றிதான். புத்தகக் கடனில் 100 டாலரை அடைக்க 1000 டாலர் மதிப்புள்ள பென்சில்கள் செய்து, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நில அளவை வேலையும் பார்த்தார். அவர் சங்கிலி பிடித்து அளந்து வரைந்த நிலப்படங்களை ஊர் நூலகம் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறது.

மெயின் ஸ்ட்ரீட்டில் அவர் குடும்பம் 1850 முதல் குடியிருந்த வீடு தனியாருடையது; வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். மேலே பார்த்தால் மச்சு தெரியும். 1853 அக்டோபர் 28 அன்று இந்த வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கிடங்கில் இடமில்லை என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பிய புத்தகங்கள். 1000இல் 706. விற்றது இருநூற்றுச் சொச்சம், இலவசமாகப் போனது 75. வந்ததில் பாதிக்கு மேல் பைண்டிங்கே செய்யாத ஃபாரங்கள். அத்தனையையும் தன் முதுகிலேயே இரண்டு மாடி ஏற்றினார். அன்று நாட்குறிப்பில் அவர் எழுதிய வேடிக்கை பிரபலம்: தன் நூலகத்தில் இப்போது ஏறக்குறைய 900 புத்தகங்கள், அதில் 700க்கு மேல் தானே எழுதியவை! அன்றிரவும் வழக்கம்போல் எழுத உட்கார்ந்தார்.

சரியாக ஒரு மாதம் கழித்துப் பதிப்பாளருடன் கணக்கு முடித்தார். கையிலிருந்து போனது மொத்தம் 290 டாலர். பிற வழிகளில் வந்தது சுமார் 15 டாலர். குடிசை கட்டிய செலவைப்போல் பத்து மடங்கு. முடித்த கையோடு அவர் செய்ததுதான் புத்தகம் போட்ட யாருக்கும் புரியும்: அதே பதிப்பாளரிடம் விற்பனைக்கு வையுங்கள் என்று 12 பிரதிகளைக் கொடுத்துவிட்டு வந்தார்.

‘விரைவில்’ என்று விளம்பரப்படுத்திய ‘வால்டன்’ ஐந்து வருடம் தள்ளிப்போய் 1854 ஆகஸ்டில் வெளிவந்தது. கிடைத்த இடைவெளியில் அதைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். ஏழு வரைவுகள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த எழுத்து மேஜையை ஊர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பச்சை பூசிய, சாதாரணமான, சாய்வான மேஜை. குளக்கரைக்குப் போய் வந்ததும் அதுதான்.

1862இல் காசநோய் அவரையும் படுக்கையில் தள்ளியது. கடைசி வாரங்களில் ஒரு பாஸ்டன் பதிப்பாளர், மச்சில் கிடந்த பிரதிகளில் மிச்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார். பழைய ஃபாரங்களுக்குப் புதுத் தலைப்புப் பக்கம் ஒட்டி அது மறுபடி வந்தபோது பார்க்க அவர் இல்லை. மே 6 காலை, இந்த மெயின் ஸ்ட்ரீட் வீட்டின் கீழ் அறையில், தங்கை சோஃபியா அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது அந்த முதல் புத்தகத்தின் வெள்ளிக்கிழமை அத்தியாயம்: அண்ணனும் தம்பியும் வீடு திரும்பும் பகுதி. இனிப் படகு நன்றாகப் போகும் என்று முணுமுணுத்தாராம். வயது 44.

ஊர் நடுவிலிருந்து பத்து நிமிட நடையில் ஸ்லீப்பி ஹாலோ கல்லறை. அதில் ஒரு மேட்டுக்கு ‘எழுத்தாளர் மேடு’ என்றே பெயர். எமர்சன், ஹாதார்ன், லூயிசா மே ஆல்காட் எல்லோரும் அங்கேதான். தோரோவுக்கு ஒரு சாண் உயரக் கல், அதில் ‘ஹென்றி’ என்று மட்டும். வருகிறவர்கள் அதன் முன்னால் பென்சில்களைச் செருகிவிட்டுப் போகிறார்கள். பைன் சருகுகளுக்கு நடுவே மஞ்சள், சிவப்பு, பாதி சீவியது, புத்தம் புதியது. கொஞ்சம் தள்ளிக் குடும்பத்துக்கான பெரிய கல். அப்பா, அம்மா, ஹெலன், சோஃபியா, ஹென்றி என்று எல்லோர் பெயரும் வெட்டியிருக்கிறது. புத்தகத்தில் எங்கும் வராத ஜானின் பெயரும்.