குருத்துப் போன மரம்

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரிலிருந்து மருமகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வீட்டு வாசலில் ஒரு மரம். ஓலை முழுக்க வைக்கோல் நிறம். "மாமா, உம்மா நட்டது. வைத்திருக்கவா, தோண்டி எறியவா?"

ராத்தா அங்கே மகனோடு இருந்த நாட்களில் தன் கையால் வைத்த சேகோ பனை அது. 2019இல் ராத்தா மௌத்தானார். 2021 பெப்ரவரி நடுப்பகுதியில் டெக்ஸாஸ் மாநிலமே உறைந்தபோது ஹியூஸ்டனில் வெப்பநிலை மறை 10 பாகை செல்சியசுக்கும் கீழே போனது. மின்சாரமும் இல்லை. பிள்ளைகளைப் போர்த்தவே துணி போதாத இரவில் மரத்தை யார் நினைப்பது?

நான் யோசிக்கவேயில்லை. செவ்வண்டு துளைத்த தென்னைகளைச் சிறுவயதிலிருந்தே கண்டவன். குருத்துப் போனால் மரம் போச்சு. அதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. "தோண்டிப் போடு மகன்" என்று வாத்தியார் தோரணையில் பதில் அனுப்பிவிட்டேன்.

இரவு மனம் கேட்கவில்லை. பழைய தாவரவியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சேகோ பனை பனையே அல்ல. சைக்கசு! பூக்காத வித்துமூடியிலி. பயிற்சிக் கல்லூரியில் படம் கீறிப் பாகம் குறித்த அதே தாவரம். ஓலையெல்லாம் கருகினாலும் தண்டின் உச்சி பிழைத்திருந்தால் மீண்டும் ஓலை விடும். உச்சி அழுகினாலும் அடியிலிருந்து கன்று வரக்கூடும். தென்னையின் கணக்கை இதற்குப் போட்டது என் பிழை.

சுபஹு தொழுததும் அழைத்தேன். அங்கே மாலை நேரம்.

"மண்வெட்டியை எடுத்திட்டியா?"

"இல்ல மாமா, சனிக்கிழமை பார்ப்பம் என்றிருந்தன்."

"கையுறை போட்டு உச்சியை அழுத்திப் பார்."

"கல்லு மாதிரிக் கிடக்கு மாமா."

மெத்தென்று அமிழ்ந்து நாறினால்தான் அழுகல். காய்ந்த ஓலையை மட்டும் வெட்டு, தண்ணீரை அளவாக ஊற்று, புது ஓலை வரும்வரை பசளை போடாதே என்றேன். மரம் முழுக்க நஞ்சு, விதை நாயையும் கொல்லும்; பிள்ளைகள் கவனம் என்றும் சொன்னேன்.

மே மாதம் முழுக்க ஒன்றுமில்லை. அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஜூனில் படம் வந்தது. உச்சியில் வட்டமாக, பன்னத் தளிர்போல் சுருண்ட சிற்றிலைகளோடு, ஓலைகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பியிருந்தன.

ஜப்பானின் கியோத்தோவில் நிஜோ கோட்டைத் தோட்டத்துச் சைக்கசுகளுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் வைக்கோல் கட்டுகிறார்கள். அதை அவனுக்கு எழுதினேன். அவனிடம் வைக்கோல் ஏது? அடுத்த குளிருக்கு, தரைவரை தொங்க, ராத்தாவின் பழைய போர்வையைச் சுற்றியிருந்தான்.