ஒரிபியின் காதும் ஓர் எழுத்தும்

சகாராவிற்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் ஒரிபி என்றொரு சிறிய இரலை வாழ்கிறது. தோளளவு உயரம் ஏறத்தாழ 60 செ.மீ.; செம்பழுப்பு உடல்; ஒவ்வொரு காதுக்கும் கீழே மயிரற்ற ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளிதான் என்னை ஏமாற்றியது.

சென்ற ஆண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில் கடன்சொற்களைப் பற்றிப் பேசினேன். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இவ்விலங்கு 'ஊர்பிக்கி'. அம்மொழியில் 'ஊர்' என்றால் காது (நம் ஊரன்று). ஈற்றிலுள்ள 'க்கி' சிறுமைப்பொருள் விகுதி. காதடியில் புள்ளி கொண்ட சிறு விலங்கு, ஆகவே 'காதுக்குட்டி' என்று விளக்கி முடித்தேன். பலரும் தலையசைத்தனர். பின்வரிசையிலிருந்து முதுகலை மாணவி ஒருவர் மட்டும், "இடையில் நிற்கும் 'பி' என்னவாயிற்று?" என்றார். என்னிடம் விடை இல்லை.

அன்றிரவு அகராதிகளைப் புரட்டினேன். அவை இச்சொல்லின் மூலத்தைக் கொய்கொய் மொழியில் காட்டுகின்றன. அங்குக் காது இல்லை. அவை தரும் மூலவடிவம் 'ப்' ஒலியில் முடிகிறது. கொய்கொய் மொழியில் ஆண்பால் ஒருமை விகுதியும் அதே ஒலிதான். நான் பொருளற்றதென்று தாண்டிச் சென்றது அம்மொழியின் இலக்கணமாகவே இருக்கக்கூடும். அந்த ஆண்பால் ஈற்றின்மேல் டச்சு வழிவந்த சிறுமை விகுதி ஏறியிருக்கிறது. ஆங்கிலமோ அவ்விகுதியைக் கழற்றிவிட்டுச் சொல்லை எடுத்துக்கொண்டது.

வெறும் சொற்பிறப்புப் பிழையாக இதை என்னால் ஒதுக்க முடியவில்லை. 1652இல் டச்சுக்காரர் கேப் பகுதியில் குடியேறிய பின் கொய்கொய் மக்கள் மேய்ச்சல் நிலத்தையும் கால்நடைகளையும் இழந்தனர்; 1713இன் பெரியம்மை அவர்களுள் பெரும்பகுதியினரைக் கொண்டுபோயிற்று. நமீபியாவில் நாமா இன்றும் பேசப்படுகிறது. கேப் பகுதியின் கொய்கொய் பேச்சு மறைந்துவிட்டது. எஞ்சிய சில சொற்களுள் ஒன்றைத்தான் நான் கைதட்டலோடு டச்சுக்காரருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். விலங்கியலார்கூட இவ்வளவு அவசரப்படவில்லை. 'ஊரேபியா ஊரேபி' என்னும் அறிவியற்பெயரில் அந்தப் பழஞ்சொல்லே இருமுறை ஒலிக்கிறது.

இப்போது என் ஆய்வேட்டின் கடன்சொல் அட்டவணையில், விளக்கப்படாத ஒலிகளுக்கெனத் தனி நிரல் ஒன்று சேர்த்திருக்கிறேன். ஒரிபியோடு மேலும் பதினொரு சொற்கள் அதில் வந்து உட்கார்ந்துவிட்டன. கேள்வி கேட்ட மாணவிக்குத்தான் இன்னும் ஒரு தேநீர் வாங்கித் தரவில்லை.