பந்து துலக்கும் பொறியும் சாலைக் கடைத்தெருவும்

திருவனந்தபுரத்திற்கு வருவோர் பெரும்பாலும் மூன்று சாராராவர். பத்மநாப சுவாமியைச் சேவிக்க வருவோர் ஒரு சாரார். அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் காரியம் உடையோர் ஒரு சாரார். கோவளம் கடற்கரையைக் காண விழைவோர் மற்றொரு சாரார். பிழைப்பு நாடி வந்து, கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவின் சந்துகளிலும் வேரூன்றிவிட்ட நம்மவரை நான்காம் சாரார் எனலாம். அந்த நான்காம் சாராரைச் சேர்ந்த நாம் சென்ற திங்கள் இந்நகரில் இரண்டு நாள் சுற்றியதன் நோக்கம், கேட்போர்க்குச் சற்று வியப்பாக இருக்கும். பூல் ஆட்டத்திற்குரிய பந்துகளை வீட்டிலேயே துலக்குவதற்குக் குறைந்த செலவில் ஒரு பொறி கிடைக்குமா என்று அறியவே சுற்றினோம்.

காரணத்தைக் கூறிவிடுகிறோம். சாலையில் வாணிகம் புரியும் நம் அன்பர் ஒருவர், பிள்ளைகள் இருவரும் மாலைப் பொழுதில் கண்ட இடங்களில் திரியாமல் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்னும் கருத்தினால், பழைய பூல் மேசை ஒன்றை வாங்கி மாடியில் இட்டிருக்கிறார். எண்ணம் பலித்தது. பிள்ளைகள் வீடு தங்கினர்; அயல் வீட்டுப் பிள்ளைகளும் வந்து கூடினர். ஆனால் பந்துகள் அழுக்கேறி மங்கின. கடையில் விற்கும் துலக்கும் பொறியை வாங்கித் தரும்படி மூத்த பிள்ளை தந்தையை நச்சரிக்கலானான். அதன் விலையோ ஒரு நல்ல பந்துத் தொகுதியின் விலையையும் விஞ்சியது. இளைய பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் செலுத்தவேண்டிய மாதமும் அதுவே. "அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. பந்து மினுங்கணுமா, பிள்ளை படிக்கணுமா?" என்று அவ்வீட்டு அம்மையார் நம்மிடம் முறையிட்டார். பொறி வேண்டுமா, வேண்டாவா என்பதை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு இவ்வாறு நம்மைச் சேர்ந்தது.

முதற்கண் நாம் சென்றது, பலரும் எதிர்பாரா இடமாகிய நேப்பியர் அருங்காட்சியகத்திற்கு. சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த வடிவில் 1880-இல் நிறைவுற்ற அக்கட்டடத்துள் தந்தச் சிற்பங்கள் வைக்கப்பட்டுள்ளன. தந்தவேலையில் திருவிதாங்கூர் பெற்றிருந்த புகழ் சிறிதன்று. 1851-இல் இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் வைக்கப்பட்டு, விக்டோரியா அரசியாருக்குப் பரிசாக அளிக்கப்பெற்ற தந்தச் சிம்மாசனம், உத்திரம் திருநாள் மகாராஜா இந்நாட்டிலிருந்து அனுப்பியதேயாம்.

பந்துக்கும் தந்தத்திற்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பில்லியார்ட்ஸ் பந்துகள் பெரும்பாலும் யானைத் தந்தத்தினால் கடைந்தெடுக்கப்பட்டன. ஒரு கொம்பிலிருந்து கிடைப்பவை கைவிரல்களுள் எண்ணி முடிக்கத்தக்க சில பந்துகளே. அவையும் காற்றின் ஈரத்திற்கேற்ப வீங்கியும் சுருங்கியும் வட்டம் பிறழ்வன. சில வெடித்தும் போவன. தந்தத்திற்கு மாற்று காண்போர்க்குப் பதினாயிரம் டாலர் அளிப்பதாக 1863-இல் அமெரிக்கப் பந்து வாணிகர் அறிவித்தனர். அந்த ஊக்கத்தினால் ஹயாட் என்பார் செல்லுலாய்டை உருவாக்கினார். 1907-இல் பேக்லண்டு என்பார் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துக் கெட்டியான பிசின் செய்தார். இன்று நல்ல பந்துகள் அவ்வகைப் பிசினினால் வார்க்கப்படுவனவே. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தந்த வாணிகத்தைத் தடைசெய்துவிட்டன. யானைக்கும் நன்மை, ஆட்டக்காரர்க்கும் நன்மை. தந்தப் பந்தைப் பேணுவது ஒரு தனிக் கலையாக இருந்தது. பிசின் பந்தை எவரும் கழுவலாம்.

இவ்வாட்டங்கள் நமக்கு முற்றும் அயலானவையும் அல்ல. ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படைவீரரிடையே பிறந்தது என்றும், அதன் விதிகள் பின்னர் நம் உதகமண்டலத்து மனமகிழ் மன்றத்தில் ஒழுங்கு செய்யப்பட்டன என்றும் கூறுவர். 1958-இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியார்ட்ஸ் பட்டத்தை வென்ற வில்சன் ஜோன்ஸ், ஆங்கிலேயர் விட்டுச் சென்ற மேசையில் அவர்களையே வெல்லலாம் என்று காட்டினார்.

இனிப் பந்து ஏன் அழுக்கேறுகிறது என்பதைக் காண்போம். கோலின் நுனியில் தடவும் சாக்குப் பொடி, கைவியர்வை, மேசைத் துணியின் நுண்தூசு ஆகிய மூன்றும் பந்தின்மேல் படிகின்றன. அழுக்கேறிய இரு பந்துகள் மோதும்போது ஒன்றையொன்று வழுக்கி விலகாமல் நொடிப்பொழுது பற்றிக்கொள்கின்றன. அதனால் குறிவைத்த வழியில் பந்து செல்வதில்லை. பிள்ளை தன் கண்ணையும் கையையும் நொந்துகொள்கிறான், பிழையோ அழுக்கினுடையது. மேலும் அப்பொடி மேசைத் துணியையும் தேய்க்கிறது. துணியை மாற்றும் செலவு பந்தைக் கழுவும் செலவைவிடப் பன்மடங்கு பெரிது. இடவப்பாதியும் துலாவர்ஷமும் என ஆண்டில் இருமுறை மழை கொட்டும் இந்நகரில், ஈரக்காற்றினால் தூசு மேலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பந்தைத் துலக்குவது வீண் பகட்டன்று.

அடுத்துச் சாலைக் கடைத்தெருவிற்குச் சென்றோம். திவான் ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டில் நிறுவிய இக்கடைத்தெரு, கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கிறது. ஒரு கடையில் மலையாளமும் அடுத்த கடையில் நாஞ்சில் நாட்டுத் தமிழும் செவியில் விழும். பாத்திரம், கயிறு, கம்பளம், இரும்புச் சாமான் எதுவாயினும் அங்கே தேடலாம். பந்து துலக்கும் பொறியை மட்டும் காணவில்லை. ஆனால் அதன் உறுப்புகள் யாவும் தெருவெங்கும் இறைந்து கிடந்தன.

விலையுயர்ந்த பொறியின் உள்ளே இருப்பது யாது? உட்புறம் கம்பளம் ஒட்டிய ஒரு தொட்டி. அதன் அடியில் சுழலும், கம்பளம் போர்த்த ஒரு தட்டு. தட்டைச் சுழற்ற ஒரு மோட்டார். அவ்வளவே. தட்டு சுழலப் பந்துகள் ஓரத்திற்கு ஒதுங்கிச் சுவரில் உரசி உருள்கின்றன. உருளும் அச்சு கணந்தோறும் மாறுவதால் பந்தின் எல்லாப் பக்கமும் துடைபடுகிறது. இதே வேலையை, பெயிண்ட் வந்த 20 லிட்டர் வாளி ஒன்றும், பழைய கம்பளத் துண்டும், காருக்கு மெருகேற்றும் பாலிஷர் ஒன்றும் செய்துவிடும். வாளியின் அடியை அறுத்து, பாலிஷரைத் தலைகீழாகப் பொருத்தி, சுவரில் கம்பளத்தை ஒட்டவேண்டும். பந்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி ஏழெட்டாக இட்டு, குறைந்த வேகத்தில் ஓரிரு நிமிடம் ஓட்டினாற் போதும்.

நம் அன்பரிடம், சரக்கு வண்டியைத் துலக்குவதற்கென்று வாங்கிய பாலிஷர் முன்னமே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரும் வாளிப் பொறியைச் செய்து முடித்தனர். எட்டுப் பந்துகளைக் கையால் கழுவினோம்; எட்டைக் கழுவித் துடைத்தபின் வாளியில் இட்டோம். வாளியில் ஓடியவை சற்றுக் கூடுதலாக மின்னின என்பது உண்மை. ஆனால் உருட்டி ஆடிப் பார்த்தபோது இரண்டிற்கும் வேற்றுமை தெரியவில்லை.

வேற்றுமை இல்லாததன் காரணத்தைக் கணக்கே கூறும். பூல் பந்தின் குறுக்களவு 57.15 மில்லிமீட்டர். அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 103 சதுர சென்டிமீட்டர். பதினாறு பந்துகளையும் சேர்த்தால், பக்கம் 40 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத்தைவிடச் சற்றே பெரிது. அத்துணைச் சிறு பரப்பைத் துடைக்க ஒரு வீட்டிற்கு மோட்டார் எதற்கு? நாள் முழுதும் பல மேசைகளில் ஆட்டம் நடக்கும் கூடங்களுக்கே பொறி பயன்படும்.

ஆகவே நாம் கண்ட முடிவு இது. ஒரே மேசை உள்ள வீட்டிற்கு விலைகொடுத்துப் பொறி வாங்குதல் வேண்டாவாம். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைச் சிறிது கரைத்து, பந்தை ஊறவிடாமல் ஒவ்வொன்றாகக் கழுவி, நல்ல நீரில் அலசி, மெல்லிய துணியால் ஈரமறத் துடைக்கவேண்டும். ஈரப் பந்தை மேசைத் துணிமேல் இடலாகாது. கொதிநீர், பிளீச்சிங் பொடி, பாத்திரம் தேய்க்கும் நார் ஆகியவை பந்தின் மெருகைக் கெடுக்கும். பாலிஷர் கையில் உள்ளவர்கள் வாளிப் பொறி செய்துகொள்ளலாம். அப்போதும் கழுவாத பந்தை அதில் இடாதீர்கள், ஒட்டிய பொடியே கீறலை உண்டாக்கும். நீர்க்கை பட்டு மின்சாரக் கருவியைத் தொடுதல் கூடாது. எர்த் இணைப்புள்ள பிளக்கிலேயே செருகவேண்டும். பெரியவர் ஒருவர் அருகிருத்தலும் வேண்டும்.

அம்மையாரிடம் இதனைத் தெரிவித்தோம். கட்டணம் உரிய நாளில் செலுத்தப்பட்டது. பந்து கழுவும் முறை, ஒரு வாரம் மூத்தவனுக்கும் மறுவாரம் இளையவனுக்கும் என வகுக்கப்பட்டது. தோற்றவனே கழுவுவது என்று அவர்கள் தமக்குள் விதியை மாற்றிக்கொண்டதாகப் பின்னர் அறிந்தோம்.